ஒஹாயோவிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுபோன செய்தி

என்னை மலேசியாவுக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம் எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான்.

ஒஹாயோ மாநிலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலியை விட்டு அங்கே போய்க் குடியேறி ரொம்பக் காலம் ஆகிறது. மலேசியாவின் சுபாங் ஜெயாவில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரிக்கும் எங்களுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளைகள் முதல் இரண்டு வருஷம் அங்கே படிப்பார்கள். மீதி இரண்டு வருஷம் எங்களிடம் வந்து படித்துப் பட்டம் வாங்குவார்கள். அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுவது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. புதிதாகச் சேர்ப்பதை மட்டுமல்ல, இப்போது இரண்டாம் வருஷத்தில் இருப்பவர்களையும் எடுக்கப்போவதில்லை. இதை நேரில் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

“அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழர்கள், கோமதி. நீ சொன்னால் கொஞ்சம் இதமாக இருக்கும்” என்றாள் என் மேலதிகாரி டயேன்.

டயேன் கெட்டவள் இல்லை. ஜெர்மன் துறையை மூடிய அன்று அந்தப் பேராசிரியர்களுக்கு முன்னால் அவளே அழுதுவிட்டாள். எங்கள் ஊரில் எல்லாமே சுருங்கிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக நூலகத்தை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஊர் மருத்துவமனையில் பிரசவப் பகுதியை எடுத்துவிட்டார்கள். சுருங்காதது ஒன்றே ஒன்று, கால்பந்து மைதானம். அங்கே புதிதாக ஒரு ராட்சதத் திரை வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் போகும்போதே தெரியும். “அது வேறு கணக்கு” என்பாள் டயேன். அது வேறு கணக்குதான், பொய்யில்லை. நன்கொடையாளர்கள் கொடுப்பது. யாரும் ஜெர்மன் துறைக்கு என்று கொடுப்பதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஆட்களைக் குறைத்திருந்தார்கள். என் நாற்காலியும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. போகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு விடுதியில் இறங்கினேன். குளித்துவிட்டுத் தெருவுக்கு வந்தால் பூக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, பரோட்டா தட்டும் சத்தம். எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழ் வந்து காதில் விழுந்தது. ஒஹாயோவில் தமிழ் பேச வேண்டுமானால் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டும். இங்கே சும்மா நின்றாலே போதும்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வந்து, “குடிக்க என்ன ஆன்டி?” என்றார்.

“தண்ணி.”

“என்ன தண்ணி? தே, கோப்பி, மைலோ?”

“குடிக்கிற தண்ணி.”

“எல்லாம் குடிக்கிற தண்ணிதான் ஆன்டி” என்று சிரித்துவிட்டு, “பச்சத் தண்ணியா? ஊருக்குப் புதுசா?” என்றார். தலையாட்டினேன். இலையில் பொரித்த பாகற்காய், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம், ரசம். பசி இருந்ததால் ருசித்துச் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “புள்ள யூனிக்குப் போயிட்டான்னா நம்ப கவல தீந்துச்சு லா” என்றார் ஒருவர். யூனி என்றால் பல்கலைக்கழகம். மற்றவர், “எந்த யூனி?” என்று கேட்டார். பதில் என் காதில் விழுவதற்குள் எழுந்து கை கழுவப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை சுபாங் ஜெயா. கல்லூரி என்றதும் மைதானமும் மரங்களும் என் மனதில் வந்திருந்தன. இது கடைகளுக்கு மேலே பல மாடி ஏறும் கட்டடம். கீழே கைப்பேசிக் கடையும் பல் மருத்துவமனையும். லிஃப்ட் திறந்ததும் நான் திகைத்து நின்றுவிட்டேன். எதிர்ச் சுவர் முழுக்க எங்கள் மைதானம். அறுபது எழுபது அடி நீளத்துக்குப் பெரிதாக்கிய படம், பழைய திரையோடு. அதற்கு முன்னால் எங்கள் பல்கலைக்கழக நிறத்தில் சட்டை போட்ட பிள்ளைகள், கையால் எழுதிய வரவேற்புப் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கல்லூரி முதல்வர் மிஸ் லியோங் என்னைத் தன் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். அவருக்கு மட்டும் செய்தி தெரியும்.

“இன்றைக்கு மதியம் அவர்களுக்குக் கடைசிப் பரீட்சை இருக்கிறது. இப்போது சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை சொல்லுங்கள்.”

“சரி. அதுவரை நான் விடுதியிலேயே இருந்துவிடுகிறேன்.”

“அது முடியாது” என்றார். “நீங்கள் வருகிறீர்கள் என்று அவர்கள் ஒரு மாதமாகத் தயார் செய்கிறார்கள். நாளை உங்களுக்காக ஒரு ஆட்டம். ஞாயிறு ஒரு மாணவியின் வீட்டில் பசியாற அழைப்பு. எதையாவது ரத்து செய்தால் ஏன் என்று கேட்பார்கள்.” காலை உணவைத்தான் இங்கே பசியாறுவது என்கிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் அவர் தமிழிலேயே சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “என்னிடம் பேச வந்ததற்கு நன்றி. ஈமெயிலிலேயே முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்” என்றார்.

என்னைக் கூட்டிக்கொண்டு சுற்ற ஒரு மாணவியை நியமித்திருந்தார்கள். ஷாமினி. சிவில் எஞ்சினியரிங், இரண்டாம் வருஷம், கிள்ளான்காரி. ஒல்லியான பெண், பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

“மிஸ், அங்க பனி பேஞ்சா கிளாஸ் நடக்குமா? மிஸ், மாணவர் விடுதில ரைஸ் குக்கர் வெக்கலாமா? மிஸ், அந்த பேண்ட் இருக்குல்ல, கேம் நடக்கறப்ப நடந்துகிட்டே வாசிப்பாங்களே, அதுல யார் வேணாலும் சேரலாமா?”

“தேர்வு வைப்பாங்க. ஏன், உனக்கு வாசிக்கத் தெரியுமா?”

“நான் எங்க கோயில்ல உருமி அடிக்கறேன் மிஸ். பொண்ணுங்க மட்டும் உள்ள குழு. டிரம் எதுவா இருந்தாலும் டிரம்தான?”

ரைஸ் குக்கர் வைக்கலாம் என்றேன். வேறொன்றுக்கும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவள் அதைப் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள். மருந்துக்கடையில் நின்று எனக்கு ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பள்ளித் திடலில் ஆட்டம். இந்தப் பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்தைத் தாங்களாகவே வீடியோ பார்த்துக் கற்றிருக்கிறார்கள். தலைக்கவசம், தோள்கவசம் கிடையாது. இடுப்பின் இரண்டு பக்கமும் ரிப்பன் தொங்கும். பந்தோடு ஓடுகிறவரைத் தள்ளிச் சாய்ப்பதற்குப் பதில் ரிப்பனை உருவினால் போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடினார்கள். ஷாமினி பிடிக்க வந்தவர்களை இடுப்பை வளைத்து ஏமாற்றிவிட்டு ஓடினாள்.

அடுத்ததாகத் திடலைப் பிடித்திருந்த பையன்கள் சாதாரணக் கால்பந்தோடு ஓரத்தில் காத்திருந்தார்கள். “டேய், எப்படா முடிப்பீங்க? இது என்னடா, ரக்பியா?” என்றான் ஒருவன். “ரக்பி இல்லடா, அமெரிக்கா” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் இந்த விளையாட்டைக் கண்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமை கடைத்தெரு பாதிக்கு மேல் மூடிவிடும். தேவாலயங்கள் தங்கள் புல்வெளியில் கார் நிறுத்த விடும். கல்யாணத்துக்குத் தேதி குறிப்பவர்கள் பாதிரியாரைக் கேட்பதற்கு முன் ஆட்ட அட்டவணையைப் பார்ப்பார்கள். பல வருஷம் அந்தக் கூட்டத்தைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த நானும் கடைசியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் உட்காரப் பழகிவிட்டேன். ஊரில் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வேறு வழி இல்லை.

பாதி ஆட்டத்தில் மழை கொட்டியது. கூரைக்கு அடியில் எல்லோரும் நெருக்கி நின்றோம். ஈரச் சட்டையோடு ஷாமினி என் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். “ஒஹாயோல இத விடக் குளிருமா மிஸ்?” என்றாள். குளிரும் என்றேன். “சூப்பர்” என்றாள்.

ஞாயிறு விடியும்போதே அவளுடைய அப்பா குணசேகரன் பழைய காரில் வந்து விடுதி வாசலில் நின்றார். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும். ‘அண்ணே’ என்று கூப்பிட்டேன், அவர் என்னை ‘மிஸ்’ என்றார். எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் அது இவர்களுக்கு ஞாயிறு காலை ஏழு மணி. அதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று காரை விரட்டினார்.

“எனக்கு முன்ன சிலாங்கூர் டீம் பந்தாட்டம்தான் மிஸ் உயிரு. பாப்பா இந்தக் கோர்ஸ்ல சேந்த அப்பறம் இதப் பாக்க ஆரம்பிச்சேன். பாதி புரியாது. எதுக்கு நிறுத்தறான், எதுக்கு ஓடறான்னு தெரியாது. ஆனா நம்ப ஆளு ஜெயிச்சா கத்துவேன்.”

நம்ப ஆளு. அவர் சொன்னது எங்கள் அணியை.

ஒற்றை மாடி வரிசை வீடு. வாசலில் துளசி, செருப்புகள், சாமி படத்துக்கு முன்னால் விளக்கு. ஷாமினியின் அம்மா விமலா தமிழ்ப்பள்ளி வளாகத்தில் பாலர் வகுப்பு எடுக்கிறவர். தோசை, தேங்காய்ச் சட்னி, நெத்திலி சம்பல் எல்லாம் மேசையில் தயார். போதாததற்கு இலையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. “மிஸ்ஸுக்கு எது புடிக்கும்னு தெரியல. அதான் ரெண்டும்” என்றார்.

தொலைக்காட்சியில் எங்கள் மைதானம் தெரிந்தது. புதுத்திரை, அதற்குக் கீழே நான் அடிக்கடி நடந்து போகும் வாசல். மைதானத்துக்கு வெளியே கார்களின் பின்பக்கம் அடுப்பு வைத்து இறைச்சி சுட்டுத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு மோர் குடுக்கறமே, அந்த மாரிதான மிஸ்?” என்றார் குணா அண்ணன்.

“அந்த மாதிரிதான். மோருக்குப் பதிலா பீர்.”

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது நிஜமாகவே மறந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கடைசி நிமிஷம்வரை எங்கள் அணி முன்னால் இருந்தது. பிறகு எதிரணி தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. தோற்றோம். குணா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ, “என்ன குணா, மறுபடி புட்டுக்கிச்சா?” என்று சத்தம் போட்டார்கள்.

“பரவால்ல மிஸ்” என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். “அடுத்த வருஷம் பாப்பா அங்க இருப்பா. நேர்ல போய் உக்காந்து கத்துவா. அப்ப ஜெயிப்பாங்க.”

நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கணும் மிஸ். பட்டம் குடுக்கறது அந்த ஸ்டேடியத்துலதான்னு பாப்பா சொன்னா. அப்பா அம்மாவ உள்ள விடுவாங்களா? இல்ல, வெளிய நின்னு பாக்கணுமா?”

“உள்ளே விடுவாங்க அண்ணே. இடம் இருக்கும்.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அங்கே பெற்றோருக்கு இடம் உண்டு. அவர் கேட்டது அதையல்ல என்று எனக்குத் தெரியும்.

விமலா என் தட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். “மிஸ் சரியாவே சாப்புடல” என்றார். அவர் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

அன்று சாயங்காலம் விடுதி அறையிலிருந்து டயேனைக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு காலை. தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷப் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல், நான் வேண்டுமானால் எழுதித் தருகிறேன், அந்த ஒரு குழு படித்து முடிக்கிறவரை எல்லா வேலையையும் நானே பார்க்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. முழுதும் கேட்டாள்.

“கோமதி, உன் மனசு எனக்குப் புரிகிறது. இதை மேலே பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பாடங்களை நடத்தவே இங்கே ஆள் இருக்கப்போவதில்லை. எஞ்சினியரிங்கிலும் வெட்டு வருகிறது. நான் உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.” ஒரு பெருமூச்சு விட்டாள். “இங்கே நேற்றுத் தோற்றதில் ஊரே துக்க வீடு மாதிரி இருக்கிறது.”

திங்கட்கிழமை காலை மிஸ் லியோங் பெரிய வகுப்பறை ஒன்றில் எல்லோரையும் கூட்டியிருந்தார். புதிய பாடத்திட்டம் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்து வந்திருந்தார்கள். பின்னால் ஒரு மேசையில் சமோசா மாதிரியான கறிபாப்பும் கேக்கும். கெட்ட செய்தி சொல்வதற்கென்று அலுவலகப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி ஆங்கிலத்தில் சொன்னேன். முடிவை முதலில் சொல்ல வேண்டும், காரணத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், மன்னிப்பு ஒரு தடவை மட்டும் கேட்க வேண்டும்.

சொல்லி முடித்தேன். முன்வரிசையில் ஒரு சீனப் பையன் கை தூக்கி, இதுவரை படித்த பாடங்கள் என்ன ஆகும் என்று கேட்டான். வேறு பல்கலைக்கழகங்கள் ஒரு பகுதியை ஏற்கலாம், ஒரு வருஷமாவது திரும்பப் படிக்க வேண்டியிருக்கும் என்றேன். “எந்தப் பல்கலைக்கழகங்கள்?” என்றான். என்னிடம் பெயர் இல்லை.

பிறகு ஷாமினி எழுந்தாள். தமிழில் கேட்டாள்.

“மிஸ், நேத்து எங்க வீட்டுக்கு வந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?”

தமிழ் தெரியாதவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியும்.”

“ஓகே மிஸ்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

யாராவது கத்துவார்கள், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். கூட்டம் கலைந்தபோது ஒவ்வொருவராக வந்து “தேங்க்யூ மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பழக்கதோஷம்தான். ஆசிரியர் பேசி முடித்தால் நன்றி சொல்ல வேண்டும். மிஸ் லியோங் ஒரு கறிபாப்பைக் காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். எனக்கு வேறு எதுவும் தோன்றாததால் அதைத் தின்றேன்.

மறுநாள் கிள்ளானுக்குக் கிளம்பினேன். யாரும் வரச் சொல்லவில்லை. குணா அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலோடு விமானம் ஏற முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். சென்ட்ரல் நிலையத்தில் மனம் எங்கேயோ இருக்க, வந்து நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நிலையங்களின் பெயர்கள் எதுவும் பொருந்தாமல் போனபோதுதான் பக்கத்தில் இருந்த மலாய் அம்மாளைக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கிள்ளான் அந்தப் பக்கம், இது தெற்கே போகிறது என்றார். செர்டாங்கில் இறங்கினேன்.

வாடகைக் கார்க்காரர் ஒரு தமிழர். “கிள்ளானா? இங்கேருந்தா? அலாமாக், நல்ல தூரம் ஆன்டி” என்றார். ஸ்ரீ கெம்பாங்கானின் தொழிற்கூடங்களையும் வரிசை வீடுகளையும் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினால் வாகனங்கள் அசையவில்லை. அவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். பட்டம் வாங்கியவன், இதே மாதிரி கார்தான் ஓட்டுகிறான், ஆனால் ராத்திரி ஓட்டம். “ஆன்டி என்ன வேல பாக்கறீங்க?” என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் என்றேன். “நல்ல வேல லா” என்றார்.

கிள்ளானில் மழை தூறிக்கொண்டிருந்தது. விமலாதான் கதவைத் திறந்தார். பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்தார்.

“வாங்க மிஸ். அவரு இல்ல. லோரி எடுத்துகிட்டு ஜொகூர் போயிட்டாரு. அவரு ஓட்டம் இல்ல அது, கூட வேல பாக்கறவர்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனாரு. நீங்க வந்தாலும் வருவீங்கன்னு சொன்னாரு. அதான் போனாரு.”

ஓர் அறையின் கதவு சாத்தியிருந்தது. ஷாமினி உள்ளே இருக்கிறாள் என்று அவள் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விமலா தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். “அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றேன்.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன, நேத்து சொன்னா என்ன. ஒண்ணுதான்.” எதிரில் உட்கார்ந்தார். பாலர் வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். “உங்க மேல கோவம் இல்ல மிஸ். அதான் கஷ்டமா இருக்கு. ஒரு வெள்ளக்காரன் வந்து சொல்லியிருந்தான்னா, இவரு ஏசியிருப்பாரு. நானும் ஏசியிருப்பேன். பெத்தவங்க எல்லாம் ஒண்ணா சேந்து காலேஜ் வாசல்ல போய் நின்னிருப்போம். பேப்பர்காரன கூப்ட்டிருப்போம். ஆனா நீங்க வந்தீங்க. நம்ப பாஷ பேசறீங்க. நம்ப வீட்ல உக்காந்து தோச சாப்டீங்க. உங்கள எப்படி ஏசறது?”

விமலா தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

“அதுக்குத்தான் உங்கள அனுப்புனாங்களா?”

இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். டயேனின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் அப்படித் திட்டம் போட்டிருக்க மாட்டாள். யாருமே திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

“அப்படித்தான் ஆகிப்போச்சு” என்றேன்.

விமலா தலையாட்டினார். “டீ ஆறிடும். குடிங்க.”

குடித்தேன். வேறு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன், பதில் வந்தால் ஷாமினிக்கு அனுப்புகிறேன் என்றேன். சரி என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் கிளம்பியபோது அந்தக் கதவு திறந்தது. ஷாமினி குடையோடு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. “ஸ்டேசன் வரைக்கும் வரேன்” என்றாள், என்னிடமல்ல, அம்மாவிடம்.

மழையில் ஒரே குடைக்குள் நடந்தோம். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள். அவள் தோள் ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. நான் குடைக் காம்பைப் பிடித்து நேராக்கினேன். அவள் மறுபடி சாய்த்தாள்.

ரயில் வந்தது. “இதுதான் கேஎல் போறது, மிஸ். ஏறிக்குங்க” என்றாள். ஏறினேன். கதவு மூடுவதற்குள் அவள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் சொன்னபடி நான்கைந்து இடங்களுக்கு எழுதினேன். ஓர் இடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. ஒரு வருஷப் பாடங்களை ஏற்பதாக எழுதியிருந்தார்கள். அதை ஷாமினிக்கு அனுப்பினேன். அவள் படித்துவிட்டதாகக் கைப்பேசி காட்டியது, பதில் வரவில்லை. பிறகு மிஸ் லியோங்கிடம் கேட்டேன். சிலர் உள்ளூர்க் கல்லூரிகளில் மறுபடி முதலிலிருந்து சேர்ந்திருக்கிறார்கள். ஷாமினி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள், இப்போதைக்கு என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சுவரில் இருந்த படத்தை இறக்கிவிட்டார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அதற்கெல்லாம் முன்பே, நான் திரும்பிய வாரத்து ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். எங்கள் தெருவில் நள்ளிரவுவரை கார்கள் ஒலி எழுப்பிக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் தூக்க மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டிருந்தேன்.

திங்கட்கிழமை டயேன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேசைமேல் எனக்காக ஒரு பூச்செண்டு இருந்தது. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“ஒரு புகார்கூட வரவில்லை, கோமதி. பெற்றோரிடமிருந்தும் இல்லை, பத்திரிகையிலிருந்தும் இல்லை. மேலே எல்லோருக்கும் ஆச்சரியம். எப்படிச் செய்தாய்?”

அந்தப் பூவுக்கு வாசனையே இல்லை.

“உன்னிடம் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது” என்றாள். “இந்த மாதிரி இன்னும் இரண்டு ஏற்பாடுகளை நிறுத்தப்போகிறார்கள். முதலில் ஓர் இடத்துக்கு வசந்த காலத்துக்குள் யாராவது போய்வர வேண்டும். நீ போவாயா?”

எந்த ஊர் என்று கேட்டேன்.